முதல் டிரைவருக்கு 58,000 ரூபாயா?



இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான விஷயம். தலைப்பில் உள்ள டிரைவர் கார் ஓட்டுபவர் இல்லை. கோல்ஃப் விளையாட்டில் முதல் அடி அடிக்க எடுக்கும் நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர்.

ஒண்ணாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கோல்ஃபில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்கலாம். நீலகிரியில் என்னிடம் படித்தவர்கள் கேட்க மாட்டார்கள். என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா, தாத்தா, மாமா யாராவது ஒருவர் கேடியாக, அதாவது விளையாடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவராக இருந்தார். என் வீட்டுக்காரரும் முப்பது வருஷம் ஒரு கிளப்பின் கடையில் மட்டைகளுக்குக் கிரிப் மாற்றி, உடைந்த தண்டை மாற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தவர். இதில் மட்டையைப் பற்றிய விவரமெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. கருத்து மட்டும் என்னுடையது.

எழுதக் காரணம் இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் (பெயர் வேண்டாம்) போன மாதம் போன் செய்தான். கம்பெனியில் மேலதிகாரிகள் சனிக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடப் போகிறார்களாம். இவனையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் போயிருக்கிறான். 58,000 ரூபாய்க்கு இந்த வருஷத்து மாடல் டிரைவர் ஒன்றைக் காட்டி, பன்னிரண்டு மாதத் தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். "சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க டீச்சர், வாங்கலாமா?" என்றான். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னக் குழந்தை இருக்கிறது. அவன் இன்னும் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்பதை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். சென்னை, பெங்களூர், துபாய், டெக்சாஸ் என்று பல ஊர்களில் இருக்கிற உங்களில் பலருக்கு இதே அழைப்பு வந்திருக்கும், அல்லது இனி வரும்.

முதலில் ஒரு கணக்கு போடுவோம். முழு மைதானத்தில் 18 குழிகள். வழக்கமான 72 அடி மைதானத்தில் அவற்றில் நான்கு குழிகள் கிட்டத்தில் இருக்கும், அவற்றுக்கு டிரைவர் தேவைப்படாது. மீதி 14 குழிகளுக்கு ஆரம்ப அடியாக ஒவ்வொரு முறை டிரைவரை எடுக்கலாம். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 அடி. புதிதாக ஆடுபவர் 18 குழிகளை முடிக்க 110 அடி எடுப்பதாக வைத்துக்கொண்டால், டிரைவரின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்று. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிவிடும் அடிக்குப் பட் என்று பெயர். 72 என்ற கணக்கிலேயே குழிக்கு இரண்டு வீதம் 36 பட் அடங்கியிருக்கிறது. பாதிக்குப் பாதி! ஆனாலும் யாரும் கடையில் போய் முதலில் அந்தச் சின்ன மட்டையைக் கேட்பதில்லை. பெரிய மட்டை, பெரிய சத்தம், தூரமாகப் போகும் பந்து. அதில்தான் ஆசை.

விதிப்படி ஒரு பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். 14 இருந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு ஏழெட்டு மட்டை போதும். சொல்லப்போனால் டிரைவர் இல்லாமலேயே தொடங்கலாம். பையில் இருக்கும் மட்டைகளில் மிக நீளமானது அதுதான். நீளம் கூடக் கூட, தலை வேகமாகச் சுற்றும். சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும். நம் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் பேனா கொடுக்க மாட்டோம், நினைவிருக்கிறதா? பென்சிலில் எழுத்து உருண்டு திரண்டு வந்த பிறகுதான் பேனா. கோல்ஃபில் டிரைவர் பேனா மாதிரி. ஏழாம் நம்பர் இரும்பு மட்டையில் பத்துக்கு ஆறு பந்தாவது நேராகப் போகட்டும், அப்புறம் டிரைவரைப் பார்க்கலாம் என்கிறார் எங்கள் வீட்டு சார். பயிற்சி மைதானங்களில் வாளிக் கணக்கில் பந்து வாங்கி அடிக்கலாம். பல இடங்களில் மட்டையையும் வாடகைக்குத் தருகிறார்கள். அதுவரை அது போதும்.

சரி, வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் புதிது வேண்டாம் என்கிறேன். இது கஞ்சத்தனம் இல்லை. கொஞ்சம் வரலாறு சொன்னால் புரியும்.

அந்தக் காலத்தில் டிரைவரின் தலை மரத்தில் செய்தது. பெர்சிமன் என்ற மரம். இன்றைக்கும் இந்த வகை மட்டைகளை உலோகத்தில் செய்தாலும் 'உட்' என்றே அழைப்பது அதனால்தான். 1979-இல் டெய்லர்மேட் கம்பெனி எஃகுத் தலையோடு டிரைவர் கொண்டுவந்தது. 1991-இல் கேலவே கம்பெனி 'பிக் பெர்த்தா' என்று ஒன்றை விட்டது. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காரர்கள் வைத்திருந்த பெரிய பீரங்கியின் பெயர் அது. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் எவ்வளவு பெரிய தலை என்று வாயைப் பிளந்தார்கள். அதன் அளவு 190 கன சென்டிமீட்டர்தான். பிறகு டைட்டானியம் வந்தது. தலை பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் விளையாட்டின் விதிகளை வகுக்கும் அமைப்புகள் 2004 வாக்கில் 460 கன சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்று கோடு போட்டுவிட்டன. பந்து பட்டதும் முகத்தகடு எவ்வளவு துள்ளலாம் என்பதற்கும் ஒரு எல்லை வைத்துவிட்டார்கள். நீளத்துக்கும் 48 அங்குலம் என்று எல்லை.

இதில் நமக்கு என்ன லாபம்? யோசித்துப் பாருங்கள். அளவுக்கும் துள்ளலுக்கும் கூரை போட்டாயிற்று. பத்து வருஷத்துக்கு முந்திய நல்ல கம்பெனி டிரைவரும் அந்தக் கூரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த வருஷத்து டிரைவரும் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. புதியதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் அதிகம் விலகாமல் காப்பாற்றும் தன்மை கூடியிருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்ச வித்தியாசத்தை உணர்வதற்கே நமக்கு இரண்டு மூன்று வருஷப் பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் புது டிரைவர் 600 டாலரை ஒட்டி விற்கிறது. வருஷா வருஷம், இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜனவரியை ஒட்டிப் புது மாடல் வரும். வந்த மறுநாளே பழைய மாடலின் விலை இறங்கும். நேற்றுவரை 'இதைவிடச் சிறந்தது இல்லை' என்று விளம்பரம் செய்த அதே மட்டைதான்!

அதனால் முதல் டிரைவருக்கு என் கணக்கு இதுதான். ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு முந்திய மாடல், தெரிந்த கம்பெனி, ஒருவர் ஆடிவிட்டு விற்பது. 15,000 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் பொறுத்திருங்கள், கிடைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சார் சொன்னபடி வரிசையாகத் தருகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. தலையின் அளவு. 460, அல்லது அதற்குப் பக்கத்தில். தொண்ணூறுகளின் சின்னத் தலை மட்டை மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அது கை தேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

2. சாய்வுக் கோணம். ஆங்கிலத்தில் லாஃப்ட். கோணமானியை மறந்திருக்க மாட்டீர்கள். மட்டை முகம் எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. டிரைவரின் அடியில் 9, 10.5, 12 என்று எழுதியிருக்கும். புதியவர்கள் 10.5-க்குக் குறையாமல் எடுங்கள், 12 இன்னும் நல்லது. சாய்வு கூடினால் பந்து சுலபமாக மேலே எழும். பின்சுழற்சி கூடி, பக்கவாட்டில் வளைந்து ஓடுவதும் குறையும். வலதுகைப் புதியவர் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போய்விடும். 9 டிகிரியில் அது இன்னும் மோசமாகும். 'ஒன்பது எடுத்தால்தான் ஆம்பளை' என்று கூட ஆடுபவர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

3. தண்டின் வளைவு. தண்டில் ஓர் எழுத்து இருக்கும். எல் மிகவும் வளையும், அடுத்து ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று விறைப்பு கூடிக்கொண்டே போகும். மெதுவாகச் சுழற்றுபவருக்கு வளையும் தண்டு, வேகமாகச் சுழற்றுபவருக்கு விறைப்பான தண்டு. பெரும்பாலான ஆண்களுக்கு ஆர் போதும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஏ. பெண்களுக்கு எல் அல்லது ஏ. பெண் பிள்ளைகளே, ரோஸ் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். வேகமாகச் சுழற்றும் பெண் ஆர் எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை.

4. விரிசல். முகத்தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடு தெரிந்தால் வேண்டாம். தலையின் மேல்பக்கம் பள்ளம் விழுந்திருந்தாலும் வேண்டாம். தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கேதான் முதலில் முறியும்.

5. சத்தம். காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்றால் பசைத் துண்டு உடைந்து ஓடுகிறது என்று அர்த்தம். அது பெரிய குற்றம் இல்லை, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

6. திருகு சாவி. சில டிரைவர்களில் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அதற்கான சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

7. போலி. நல்ல கம்பெனியின் பெயரில் போலி மட்டைகள் இணையத்தில் நிறைய. புது மாடல், பாதி விலைக்கும் கீழே என்றால் சந்தேகப்படுங்கள். தண்டு சேரும் இடத்தில் வரிசை எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அனுபவப்பட்ட ஒருவரின் கையில் கொடுத்துப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

8. எந்தக் கை. சிரிக்காதீர்கள். இடதுகைக்காரர்கள் அவசரத்தில் வலதுகை மட்டையை வாங்கிவந்து நின்ற கதை சாரிடம் நிறைய இருக்கிறது. நம் ஊரில் இடதுகை மட்டை கிடைப்பது அரிது, காத்திருக்கத்தான் வேண்டும்.

கிரிப் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் கவலை வேண்டாம். மாற்றுவது சின்னச் செலவு.

இன்னொரு கேள்வி வரும். "உடம்பளவு எடுத்து, நமக்கென்றே மட்டை செய்து கொடுக்கிறார்களே டீச்சர், அது நல்லதுதானே?" நல்லதுதான். ஆனால் எப்போது? வளர்கிற பிள்ளைக்கு நாம் யூனிஃபார்ம் எப்படித் தைத்தோம்? ஓரத்தை இரண்டு விரல் மடித்து, அடுத்த வருஷம் பிரித்துவிடலாம் என்றுதானே? புதிதாக ஆடுபவரின் சுழற்சி ஆறு மாதத்தில் ஆளே மாறின மாதிரி மாறிவிடும். இன்றைக்கு எடுத்த அளவு தீபாவளிக்குப் பொருந்தாது. சுழற்சி நிலைத்த பிறகு அளவெடுங்கள்.

மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது? ஆசிரியருக்குக் கொடுங்கள். நான் டீச்சர் என்பதால் சொல்லவில்லை! கையைப் பிடிக்கும் விதம், நிற்கும் விதம், தோள் திரும்பும் விதம், இந்த மூன்றையும் நேரில் ஒருவர் திருத்தினால் வருகிற பலன் எந்தக் கடையிலும் கிடைக்காது. தப்பாகப் பழகின பழக்கத்தை விட்டொழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுத்தைத் தலைகீழாக எழுதிப் பழகின பிள்ளைகளோடு மல்லுக்கட்டின எனக்குத் தெரியும். மைதானத்தில் வருஷக்கணக்கில் நடந்த பழைய கேடிகளில் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்.

மட்டையின் நீளத்தாலும் விலையாலும் ஆட்டம் வருவதில்லை என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய நாள் என்று உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றைக்குக் காலையில் அதே டோக்கியோவில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அங்கே ஆடியவர்களில் டிரைவரால் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்களின் பந்து அவருடையதைத் தாண்டிப் போய் விழுந்தது. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் அவர்தான் அவர்களைத் தாண்டிப் போனார்.

இன்னொருவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன். வசதியான பயிற்சி எதுவும் கிடைக்காமல் பார்த்துப் பார்த்தே கற்றவர். 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் இந்தியன் ஓப்பன் வென்றார். அவரும் தூரம் அடிப்பதில் பெயர் வாங்கியவர் இல்லை. குழிக்குப் பக்கத்தில் அடிக்கும் சிப், பட் இரண்டையும் அவர் பெயரோடு சேர்த்து 'சிப்புட்சியா' என்று கூட ஆடுபவர்களே பட்டப்பெயர் வைத்தார்கள்.

இனிச் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசிய மாணவனிடம் இவ்வளவும் சொல்லி முடித்த பிறகும் அவன் சமாதானமாகவில்லை. கடைசியில்தான் மெதுவாகச் சொன்னான். "அது இல்ல டீச்சர். அவங்க எல்லாம் புதுசா வச்சிருப்பாங்க. நான் மட்டும் பழசை எடுத்துட்டுப் போனா, இவன் எங்கிருந்து வந்தவன்னு தெரிஞ்சிடும்." அவன் அப்பா எங்கள் மலையில் கேடியாக இருந்து, மழையிலும் பனியிலும் அடுத்தவர் பையைத் தூக்கி அவனைப் படிக்க வைத்தவர்.

அந்த 58,000 மட்டைக்கான விலை இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது கூச்சத்துக்கான விலை. தவணை முடிந்தாலும் அந்தக் கூச்சம் முடியாது. அடுத்த வருஷம் புது மாடல் வரும், திரும்பவும் அதே கூச்சம் வரும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் வென்றார், 1993-இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றார். இந்த நாட்டில் கோல்ஃபைக் கட்டிக் காத்த வரிசையில் கேடிகளும் புல்வெட்டிகளும் இருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து எங்கே போய் நிற்கும் என்று உன் அப்பாவுக்குத் தெரிந்தது உன் மேலதிகாரிக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. அப்பாவை மைதானத்தின் ஓரமாக அழைத்துப் போய், சொல்லிக்கொடுங்கள் என்று கேள். எந்த மட்டையோடும் வராத பாடம் அது.

கூட ஆடுபவர்கள் நாலாவது குழிக்குப் போவதற்குள் உன் மட்டையின் வருஷத்தை மறந்துவிடுவார்கள். நேரத்துக்கு வந்தாயா, அடுத்தவர் அடிக்கும்போது அமைதியாக நின்றாயா, உன் அடிகளைச் சரியாக எண்ணிச் சொன்னாயா, கேடியைப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டாயா, இதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். இதெல்லாம் ஒண்ணாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

கையில் தாராளமாகப் பணம் இருப்பவர்கள் புதிதாகவே வாங்குங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கி வாங்காதீர்கள். அவ்வளவுதான் என் கட்சி.

மாறுபட்ட கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் இன்னும் சந்தோஷம். பழைய டிரைவர் வாங்கினவர்கள் ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிரிப் ரப்பரை மட்டும் வாங்கி வந்தால் போதும், சார் மாட்டிக் கொடுப்பார். கூலி வேண்டாமாம், இருந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் போதுமாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்